இழுத்துப்பாரக்கா

முப்பத்தோராவது போல்ட்டை இரண்டு கைகளாலும் பற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி, கிழங்கு பிடுங்குகிறவரைப் போலப் பின்னால் சாய்ந்து இழுத்தார் அக்கா. அது அசையவில்லை. மூச்சை விட்டுவிட்டு மறுபடியும் இழுத்தார். இம்மியும் நகரவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"இதுதான்டா கட்டு! எல்லாத்தையும் இப்படிக் கட்டியிருந்தா நான் நிம்மதியா வீட்ல படுத்துத் தூங்குவேன்ல" என்று பக்கத்தில் நின்ற தன் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கம்பி கட்டுவது தம்பியின் வேலை. பாராட்டுக்கு அவன் சிரிக்கவில்லை. கட்டுக்கம்பிச் சுருளை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டான். அக்கா முப்பத்திரண்டாவது போல்ட்டுக்கு நகர்ந்தார்.

மொத்தம் எண்பது. நீளவாட்டில் பக்கத்துக்கு நாற்பது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் அத்தனையையும் இழுத்துப் பார்க்காமல் அவர் கலவை லாரிக்குக் கை காட்டியதே இல்லை. "எதுக்கும் ஒரு தடவ இழுத்துப் பாரு" என்பது அவர் வாயில் மூச்சு மாதிரி வந்துகொண்டிருக்கும். வேலையாட்கள் முதலில் முதுகுக்குப் பின்னால் 'இழுத்துப்பாரக்கா' என்றார்கள். பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். இப்போது இரும்புக் கடைக்காரரின் கைப்பேசியில்கூட அவர் எண் அந்தப் பெயரில்தான் பதிந்திருக்கிறது.

ஐம்பதை எட்டப்போகும் வயது. ஒடிசலான உடம்பு, அந்த உடம்புக்குச் சொந்தமில்லாதவை போன்ற முறுக்கேறிய முன்கைகள். மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, காதில் பென்சில், இடுப்பில் ஒரு துணிப்பை. பைக்குள் அளவு நாடா, தூக்குக்குண்டு, நூல் உருண்டை, துருப்பிடித்த இரும்புக் கொக்கி ஒன்று. மற்ற மூன்றும் தினமும் வெளியே வரும். கொக்கி வராது. ஆனால் பதற்றம் கூடும் நேரங்களில் அவர் கை பைக்குள் போய் அதைத் தடவிக்கொண்டிருக்கும்.

அவர் செய்வது இரும்பு வளைவுக் கிடங்குகளுக்கு அடித்தளம் போடும் வேலை. ஒரு பீப்பாயை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தரையில் கவிழ்த்து வைத்தது போன்ற கட்டடம் அது. தூண் கிடையாது, உத்தரம் கிடையாது. நெளித்த தகடுகளை வில்லாக வளைத்து, ஒன்றோடொன்று முடுக்கி, நிமிர்த்தி நிறுத்திவிட்டால் கிடங்கு தயார். 'நான்கே நாளில் உங்கள் கட்டடம்' என்று விளம்பரத் தாளில் ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த நான்கு நாளில் அடித்தளம் சேர்த்தி இல்லை என்பதை அந்தத் தாள் பொடி எழுத்தில்கூடச் சொல்வதில்லை. மேலே பளபளப்பதற்குப் படம் போடலாம். மண்ணுக்குள் புதைவதைப் படம் போட்டு யார் விற்பார்கள்?

வேலைக்கு அழைக்கும் ஒவ்வொரு முதலாளிக்கும் அக்கா ஒரு வித்தை காட்டுவார். உர மூட்டைகள் அடுக்கக் கிடங்கு கேட்ட இந்த முதலாளிக்கும் காட்டினார். அவருடைய மேசையிலிருந்தே ஒரு முகவரி அட்டையை எடுத்து, இரண்டு ஓரங்களையும் விரல்களால் நெருக்கி வில்லாக வளைத்து நிறுத்தினார்.

"இதுதாங்க உங்க கட்டடம். இப்ப என் விரலை எடுக்கறேன்."

எடுத்தார். அட்டை விரிந்து தட்டையாகப் படுத்துவிட்டது.

"பாத்தீங்களா? காலை அகட்டிக்கும். அகட்ட விடாம பிடிக்கணும், அது ஒரு வேலை." மறுபடியும் வளைத்து நிறுத்தி, லேசாகப் பிடித்துக்கொண்டு ஊதினார். அட்டை எகிறி முதலாளியின் மடியில் விழுந்தது. "காத்து வந்தா கிளம்பிடும். கிளம்ப விடாம பிடிக்கணும், இது ரெண்டாவது வேலை. வீடுன்னா அடித்தளம் சுமக்கும். இதுல சுமக்கவும் செய்யணும், பிடிச்சும் வைக்கணும். இது கட்டடமே இல்லீங்க, கவுத்துப்போட்ட படகு."

முதலாளி அட்டையை மடியிலிருந்து எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, "சரிம்மா, மேஸ்திரி எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

"வந்து உக்காந்து அட்டையெல்லாம் ஊதிட்டு இருக்குதே, அதுதான் மேஸ்திரி."

மண்ணை அவர் எளிதில் நம்பமாட்டார். காட்டிய இடத்தில் உடனே கயிறு பிடிக்கமாட்டார். நாலு மூலையிலும் நடுவிலும் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் குந்திக்கொண்டு அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்ப்பார். கடப்பாரையை ஆளுயரத்திலிருந்து விட்டு, எங்கே எத்தனை விரல் இறங்குகிறது என்று குறித்துக்கொள்வார். யாரோ எப்போதோ குப்பை கொட்டி மூடிய பள்ளமாக இருந்தால் கடப்பாரை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். "இங்க நிக்காதுங்க, கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டணும்" என்பார். மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வெளியே ஓட வாட்டம் விடுவார். மூலைக்கு மூலை குறுக்கே அளந்த பிறகும், இரண்டு தலைமாட்டு அகலங்களையும் தனியாக அளப்பார். குறுக்களவு இரண்டும் சமமாக இருந்தாலும் ஒரு முனை அகன்று மறுமுனை குறுகியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். பல மேஸ்திரிகளுக்குத் தெரியாது.

அவருடைய கணவர் தையல்காரர். தெருமுனையில் ஒற்றைக் கதவுக் கடை. தைத்து முடித்த சட்டைகளை வரிசையாக மாட்டி வைத்திருப்பார். வேலை முடிந்து வருகிற அக்கா, நின்ற வாக்கில் நாலு சட்டைகளின் பொத்தான்களை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். மாதத்துக்கு நாலைந்து பொத்தான் கையோடு வந்துவிடும்.

"கல்யாணத்தன்னிக்கே என் மீசையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தவ இவ" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார் தையல்காரர். "அப்படியே இருந்ததாலதான் கட்டிக்கிட்டா."

"மீசை நின்னுச்சு, தலைமுடி நிக்கலையே" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

கொடியில் துணி படபடத்தால் போதும், அக்காவின் முகம் மாறிவிடும். சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கிய ஆறு வருடங்களில் அவர் அடித்தளம் போட்ட கிடங்குகள் ஒன்பது. அந்த ஒன்பது முதலாளிகளுக்கும் வரிசையாகப் போன் போகும். "ஒண்ணும் இல்லீங்க, சும்மாதான். காத்து அங்க எப்படி? ஏதாவது கிர்ருன்னு சத்தம் வருதா?" விறகுக் கிடங்குக்காரர் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லிவிட்டார்: "அக்கா, கட்டடம் கல்லு மாதிரி இருக்கு. உங்க போன் வந்து வந்து நான்தான் ஆடிப்போயிருக்கேன்."

இந்தப் பயம் அவரோடு பிறந்தது இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மணல் மேட்டில் கையில் சிக்கியது.

அப்போது அவர் சித்தாள். சட்டி சட்டியாகக் கலவை சுமந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. கட்டட வேலையில் ஓர் ஆண் மூன்று வருடம் சட்டி சுமந்தால் கொத்தனார் ஆகிவிடுவான். ஒரு பெண் முப்பது வருடம் சுமந்தாலும் சித்தாளாகவே இருப்பாள். இதற்கு எந்தச் சட்டமும் இல்லை. சட்டம் தேவைப்படாத அளவுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அநியாயம் இது. அந்த வேலையும் ஒரு வளைவுக் கிடங்குதான். மணலை வாரும்போது சட்டிக்குள் ஏதோ 'ணங்' என்றது. நாலு விரல் நீளத்தில், வளைந்த இரும்புத் துண்டு. தோண்டத் தோண்ட ஏழு கிடைத்தன.

"ஏண்ணே, இது என்ன கொக்கி?" என்று அங்கிருந்த மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"உனக்கெதுக்கு அது? சட்டியத் தூக்கு."

அவர் தூக்கினார். அந்தக் கொக்கிகள் போல்ட்டுகளின் கால்கள் என்பது அவருக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு போல்ட்டும் முழங்கை நீளம் இருக்கும். மேல்நுனியில் மரை, அங்கேதான் கட்டடத்தை முடுக்குவார்கள். கீழ்நுனி கொக்கியாக வளைந்து கான்கிரீட்டுக்குள் புதையும். பிடித்துவைப்பது அந்த வளைவுதான். போல்ட்டைக் கம்பிக்கூட்டுக்குள் இறக்கும்போது சில இடங்களில் கொக்கி குறுக்குக் கம்பியில் இடிக்கும். கூட்டை அவிழ்த்துக் கம்பியை நகர்த்தி மறுபடி கட்டினால் அரை மணி நேரம் போகும். கொக்கியையே வெட்டிவிட்டால் அரை நிமிடம். மேலிருந்து பார்த்தால் வெட்டியதும் வெட்டாததும் ஒன்றுபோலவே தெரியும். கான்கிரீட் ஊற்றிவிட்டால் யாரும் எப்போதும் பார்க்கப்போவதில்லை, காற்றைத் தவிர.

நாலு மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் காற்று அதைப் பார்த்துவிட்டது. கிடங்கின் ஒரு பக்கம் எழுந்து, குடை மடங்குவது போல மடங்கிச் சாய்ந்தது. உள்ளே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூட்டையில் சாய்ந்திருந்த சுமை தூக்குபவர் ஒருவர் இறந்தார். விசாரணை நடந்தது. 'பலத்த காற்று, இயற்கைச் சீற்றம்' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். இயற்கைக்கு வழக்கறிஞர் கிடையாது. எந்தப் பழியைப் போட்டாலும் மேல்முறையீட்டுக்கு வராது. அக்கா தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரு கொக்கியோடு விசாரணை நடந்த அலுவலக வாசலில் இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் ஓர் எழுத்தர் வெளியே வந்து, "நீ யாரும்மா, இன்ஜினியரா?" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தது வாசல்வரை கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டார். பார்க்கிற பொறியாளர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு, சிமென்ட் பையைக் கிழித்து அதன் உள்தாளில் எழுதிப் பழகினார். இப்போது அவரிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். போல்ட்டுகள் வந்திறங்கியதும் சாக்கை விரித்துப் பரப்பி, கொக்கியோடு இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணுவார். தம்பி கட்டி முடித்ததும் ஒவ்வொன்றாக இழுப்பார். எண்ணுவதற்கும் இழுப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நின்றவன் தம்பி. அங்கே ஒரு காவல் தேவை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அன்று காலை எண்பதும் இழுத்தாகிவிட்டது. எல்லாம் நின்றன. கலவை லாரி பின்னோக்கி வந்து பள்ளத்தின் தலைமாட்டில் நின்றது. அதன் வயிறு உருண்டுகொண்டிருந்தது. டிரைவர் கொட்டும் தகரத் தாரையை இறக்கிவிட்டு, "அக்கா, கலந்து நாப்பது நிமிஷம் ஆச்சு. இன்னும் அம்பது நிமிஷத்துக்குள்ள இறக்கிடணும்" என்றார். அக்கா வலது கையை உயர்த்தினார். அதை இறக்கினால் கொட்டலாம் என்று பொருள். இறக்குவதற்கு முன் மண்வெட்டியை எடுக்கலாம் என்று மணல் மேட்டைத் தாண்டினார்.

காலில் இடறியது.

குனிந்து எடுத்தார். நாலு விரல் நீளம். வளைந்திருந்தது. வெட்டு முகம் துருவேறாமல், வெட்டு மெஷினின் சூட்டில் நீலம் பாய்ந்து பளபளத்தது. உயர்த்திய கை இன்னும் உயர்ந்தே இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை.

"நிறுத்து!"

குரல் அவருடையது போலவே இல்லை. டிரைவர் தாரையைப் பிடித்தபடி திரும்பினார். வேலையாட்கள் திரும்பினார்கள். தம்பி மட்டும் திரும்பவில்லை.

"டேய். இது எந்த போல்ட்டோட கால்?"

தம்பி கட்டுக்கம்பிச் சுருளைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான்.

"உன்னைத்தான்டா கேக்கறேன்."

"ஒண்ணுதாங்கா. ரிங்குக் கம்பி குறுக்க வந்து இடிச்சிச்சு."

"எது?"

"ஞாபகம் இல்ல."

அக்கா கையுறைகளைக் கழற்றி எறிந்தார். கையுறை போட்டால் கொக்கி எது, கம்பி எது என்று விரலுக்குத் தெரியாது. போல்ட்டுகளைத் தாங்கும் பலகை மேலே மூடியிருந்தது. அதன் கீழே கம்பிக்கூடு இருட்டாக இருந்தது. முதல் போல்ட்டின் பக்கத்தில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, கம்பிகளுக்கு நடுவே துழாவி, போல்ட்டின் அடியைத் தொட்டார். வளைவு இருந்தது. எழுந்தார். இரண்டாவதில் படுத்தார். வளைவு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. எண்பதுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட அவருக்கு நேரமில்லை. டிரைவர் போட்டார்.

"அக்கா, உள்ள இருக்கறது வெந்நீர் இல்ல, ஆறினா மறுபடி சுட வெச்சுக்கலாம்னு. இறுகிடுச்சுன்னா என் டிரம்மை உடைச்சுதான் எடுக்கணும்."

"உருட்டிக்கிட்டே இரு சாமி. நிறுத்தாதே."

பதினேழு. பதினெட்டு. சட்டைக் கை கிழிந்து முன்கையில் ரத்தக் கோடுகள் விழுந்தன. அதற்குள் யாரோ சொல்லி முதலாளி வந்துவிட்டார். காரை விட்டு இறங்கும்போதே குரல் முன்னால் வந்தது. "என்ன நடக்குது இங்க? படுத்துத் தூங்கறதுக்கா லாரி வரச் சொன்னே?"

முப்பத்தொன்று. காலையில் முதுகைத் தட்டிப் பாராட்டிய அதே போல்ட். விரல்கள் கீழே போயின. இன்னும் கீழே போயின. இரும்பு முடிந்துவிட்டது. தட்டையான வெட்டு முகம் மட்டும் விரல் நுனியை அறுத்தது.

"கொக்கி இல்ல. இதுதான்."

"கிடைச்சிடுச்சுல்ல?" என்றார் முதலாளி. "ஒண்ணு போனா என்னம்மா, மிச்சம் எழுபத்தொம்பது பிடிக்காதா? ஊத்தச் சொல்லு. அடுத்த வாரம் மாட்டற ஆளுங்க வர்றாங்க."

அக்கா தம்பியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் முப்பத்திரண்டாவதில் போய்ப் படுத்தார்.

"அதான் ஒண்ணுதான்னு சொன்னானே!"

"ஞாபகம் இல்லன்னும் சொன்னானுங்க."

"ஆம்பள மேஸ்திரிய வெச்சிருக்கணும். இந்நேரம் ஊத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பான்."

"ஆமாங்க. அவனுங்க ஊத்திட்டு வீட்டுக்குப் போனதுதான் பறந்துச்சு" என்று மண்ணுக்குள்ளிருந்து பதில் வந்தது.

ஐம்பத்தெட்டில் இரண்டாவது கிடைத்தது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு பக்கெட் தண்ணி விட்டுக் கொஞ்சம் இளக்கிடட்டுமா? இன்னும் கால்மணி தாங்கும்" என்று மெல்லக் கேட்டார்.

"தண்ணி விட்டா இறங்கும். ஆனா நிக்காது. வேண்டாம்."

எழுபதை நெருங்கும்போது தம்பியே பக்கத்தில் வந்து குந்தினான். "எழுபத்திரண்டுக்கா. அதோட மூணு. வேற இல்ல."

அக்கா எழுபத்திரண்டில் கை விட்டார். இல்லை. எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"காலையில இழுத்தேனே. மூணும் மலை மாதிரி நின்னுச்சே."

"நீ இழுப்பேன்னு தெரியும்கா. அதான் அது மூணையும் டபுள் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேன்."

அக்கா அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஆறு வருடமாக அந்தக் கைகள் எதை இழுத்துப் பார்த்தன? கட்டுக்கம்பியை. கூடு இறுக்கமாகக் கட்டியிருக்கிறதா என்பதை. கொக்கி இருக்கிறதா என்பதை அவை ஒரு தடவையும் கேட்டதில்லை. தோற்பதற்கு இடமிருந்தால்தான் அது சோதனை. எப்படி இருந்தாலும் ஜெயித்துவிடுகிற சோதனைக்குச் சடங்கு என்று பெயர். சடங்கு செய்கிறவருக்கு நிம்மதி தரும். கட்டடத்துக்குக் கொக்கி தராது.

"ஏன்டா?"

"நேத்து சாயங்காலத்துக்குள்ள முடின்னு நீதானே நின்னே? காலையில லாரி வருது, லாரி வருதுன்னு. உன்னை அவர் விரட்டினாரு. என்னை நீ விரட்டினே." அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான். "நான் யாரை விரட்டுவேன்?"

லாரியின் டிரம் உருண்டுகொண்டே இருந்தது.

அக்கா எழுந்தார். "லாரியை வாசல் பக்கம் எடுப்பா. சரிவுக்குப் பள்ளம் எடுத்து வெச்சிருக்கோம்ல, அதுல கொட்டு. வண்டி ஏறி இறங்கற இடம்தான், பறக்கற இடம் இல்ல." வேலையாட்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். கிடங்கின் வாசலில் மூட்டை வண்டிகள் ஏறுவதற்கான சரிவுக்கு அந்தக் கலவை போயிற்று. மாற்று போல்ட் வர மூன்று நாள், ஊற்றிய பிறகு இறுகக் குறைந்தது ஏழு நாள், அதுவரை ஒரு தகடுகூட ஏறக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அவர் கத்தினார். அக்கா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டார். கத்தி முடித்ததும், மதியத்தில் அந்தக் கிடங்குக்குள் எத்தனை பேர் படுப்பார்கள் என்று மட்டும் கேட்டார். முதலாளி காரில் ஏறினார்.

எல்லோரும் போன பிறகு அக்கா தம்பியிடம் இன்னொரு கேள்வி கேட்டார். நாள் முழுவதும் நாக்கு நுனியில் நின்ற கேள்வி அது.

"இதுக்கு முன்னாடி போட்ட ஒம்போதுல?"

தம்பி கட்டுக்கம்பிச் சுருளை அவிழ்த்து, ஒழுங்காகத்தான் இருந்ததை, மறுபடியும் சுற்றத் தொடங்கினான்.

அந்த உரக் கிடங்கு இப்போது எழுந்து நிற்கிறது. எண்பது கொக்கிகளையும் தன் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே அவர் அதற்குக் கை காட்டினார். ஆனால் பழைய ஒன்பது? ஒன்பது பேருக்கும் போன் போட்டார். இந்தத் தடவை 'சும்மாதான்' என்று தொடங்கவில்லை. "உங்க கட்டடத்துல என் வேலையில தப்பு இருக்கலாம். வந்து சோதிக்கணும்" என்றார். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். தெரியாமல் இருப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது. இரண்டு பேர் போனைத் துண்டித்தார்கள். மூன்று பேர் வரச் சொன்னார்கள். வேண்டாம் என்றவர்களுக்கும் துண்டித்தவர்களுக்கும் வாரம் ஒரு முறை மறுபடி போன் போகிறது. அந்த ஆறு கிடங்குகளிலும் மூட்டை தூக்குபவர்களைத் தேடிப்போய், பலத்த காற்றடித்தால் உள்ளே நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இப்படி ஊர் முழுக்கத் தன் தப்பைச் சொல்லித் திரிந்தால் இனி யார் வேலை தருவார்கள் என்று பலர் கேட்டார்கள். புது வேலை எதுவும் இதுவரை வரவில்லை.

சோதனைக்கு இப்போது கையை நம்புவதில்லை. கலவை லாரி டிரைவரிடம் இரவல் வாங்கிய இரண்டு ஜாக்கிகள், ஒரு சங்கிலி, ஓர் இரும்புச் சட்டம். நட்டைக் கழற்றி, போல்ட்டின் தலையைச் சங்கிலியால் சட்டத்தோடு பிணைத்து, ஜாக்கியால் சட்டத்தை உயர்த்துவார். கொக்கி இருந்தால் ஜாக்கி முனகும், போல்ட் நிற்கும். இல்லாவிட்டால் எழுந்து வரும். தம்பியும் கூட வருகிறான். இருவருக்கும் பேச்சு இல்லை. ஜாக்கிகளைச் சுமப்பது அவன் வேலை.

விறகுக் கிடங்கில் எல்லாம் நின்றன. ஆடிப்போயிருந்ததாகச் சொன்ன முதலாளி அன்றுதான் உண்மையிலேயே ஆடிப்போய், ஒவ்வொரு போல்ட்டுக்கும் கூடவே நடந்தார். போன வாரம் இரண்டாவது கிடங்கு. காலையிலிருந்து நாற்பத்துமூன்று நின்றன. நாற்பத்துநாலாவதில் ஜாக்கி முனகவே இல்லை. போல்ட், பல் கழன்று வருவது போல, சத்தமில்லாமல் கான்கிரீட்டிலிருந்து எழுந்து வந்தது. அந்தக் கிடங்கில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் மெல்ல நகர்ந்து கூரைக்கு வெளியே போய் நின்றார். பிறகு எல்லோரும் போனார்கள். அக்கா அன்றே பக்கத்தில் புதிதாகத் துளையிட்டு, நீளமான போல்ட்டை, இறுகிப் பிடிக்கும் ரசாயனப் பசை ஊற்றி இறக்கினார். மூன்றாவது கிடங்குக்கு அடுத்த வாரம் போக வேண்டும்.

இரண்டாவது கிடங்கைச் சோதித்த அன்று மாலை அவர் தையல் கடைக்கு வந்தபோது தெருவில் காற்று எழுந்திருந்தது. கடையின் பெயர்ப் பலகை ஆணியில் ஆடி டக் டக் என்றது. தையல்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கொக்கியில் மாட்டியிருந்த சட்டைகளில் புதிதாகத் தைத்த ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இழுத்துப் பாரு. இன்னிக்கு எல்லாமே பிஞ்சாலும் பரவாயில்ல."

அக்கா சட்டையை வாங்கினார். பொத்தானை இழுக்கவில்லை. சட்டையை உள்புறமாகத் திருப்பி, விளக்குக்கு நேரே பிடித்து, முதல் பொத்தானின் பின்னால் நூல் முடிச்சு இருக்கிறதா என்று விரல் நுனியால் தேடினார்.